ஏழாம் நம்பர் ஜீப்புக்கு ஐந்து டயர்

ஏப்ரல் 3, வெள்ளி

"இந்த வண்டியா? இது மலைய அண்ணாந்து பாக்கும், அம்புட்டுத்தான்." ஜீப் ஸ்டாண்டு செயலாளர் சன்னாசி அண்ணன் இன்றைக்குப் பத்துப் பேர் முன்னால் இப்படிச் சொன்னார். எல்லோருக்கும் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டு, "அண்ணாந்து பாக்கவும் ஒரு மூஞ்சி வேணும்லண்ணே, ஒங்க வண்டிக்கு பம்பரே கழண்டு தொங்குது" என்றேன். சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. ஆனாலும் வீடு வருகிற வரைக்கும் எனக்கு வயிறு எரிந்தது.

சூலக்கரட்டு அம்மன் கோயில் பாதையை வனத்துறைக்காரர்கள் வருடத்தில் ஒரு நாள்தான் திறப்பார்கள், சித்ரா பௌர்ணமிக்கு. அன்றைக்கு ஸ்டாண்டு வண்டிகள்தான் சனங்களை மேலே ஏற்ற வேண்டும். அடுத்தடுத்து இரண்டு வருடம் மலை ஏறாத வண்டிக்கு ஸ்டாண்டில் இடம் கிடையாது. நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும். ஏழாம் நம்பர் என் வீட்டுக்காரர் தவசியுடையது, இருபது வருடமாக. போன வருடம் பாதி வழியில் வழுக்குப்பாறை வளைவில் வண்டி சாய்ந்துவிட்டது. இரண்டு பேருக்குக் கை முறிந்தது, இவருக்கு முதுகில் அடி. சாமி புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றும் இல்லை. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

இந்த வருடமும் ஏறாவிட்டால் நம்பர் பிச்சைமணிக்குப் போகும். பிச்சைமணி யார்? சன்னாசி அண்ணனின் மச்சினன். கேட்கவா வேண்டும்!

ஏப்ரல் 5, ஞாயிறு

பழைய ஜீப்பை இரும்புக்குப் போட்டுவிட்டு, இந்த ஜீப்பைத் தை மாதம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் வாங்கினோம். காலையில் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போய் இறக்குவது, மத்தியானம் தையல். இதுதான் என் பிழைப்பு. லைசென்சும் பேட்ஜும் பத்து வருடத்துக்கு முன்பே இவர்தான் பிடிவாதமாக எடுக்க வைத்தார். முதுகு சரியாகிற வரைக்கும் நான் ஓட்டுகிறேன். சரியானதும் அவர் ஓட்டுவார்.

இன்று சோதித்துப் பார்த்தேன். சாதாரணமாக ஓட்டினால் வண்டி நன்றாகப் போகிறது. மலை ஏறுவதற்கான ஃபோர் வீல் லிவரைப் போட்டால்தான் பிரச்சினை. தார் ரோட்டில் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி முக்குகிறது, ஸ்டியரிங் கல்லாகிவிடுகிறது. ஸ்டாண்டில் எல்லோரும் கியர் பெட்டி போச்சு, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறார்கள். பிச்சைமணியே ஒரு ஆளைக் கூட்டிவந்து விலை பேசினான். என்ன கரிசனம்!

ஆனால் அதே லிவரைப் போட்டு ஆற்று மணலில் விட்டேன், முக்கவே இல்லை. கியர் பெட்டி போயிருந்தால் மணலில் மட்டும் எப்படிச் சரியாகும்? எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

மத்தியானம் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக ஜீப் தெரிந்தது. பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக நின்றது. தோட்டத்து வண்டி, அப்படித்தான் நிற்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று என்னமோ மனசு கேட்கவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் டயரைச் சுற்றி அளந்தேன். டேப் பற்றாமல், சாக்பீஸால் கோடு போட்டு இரண்டு தடவையாக அளந்தேன்.

இவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "ஏ புள்ள, டயருக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்றார்.

எத்தனை மாதம் கழித்துக் கேலி பேசுகிறார்! சந்தோஷத்தில் டேப்பைத் தவறவிட்டு மறுபடி அளந்தேன். முன் டயர் எண்பத்தேழு இஞ்ச். பின் டயர் தொண்ணூற்றொன்று. நாலு இஞ்ச்! நாலு இஞ்ச் தப்பாக ஜாக்கெட் தைத்தால் கல்யாண வீட்டில் என்னை ஊசியால் குத்துவார்கள்.

அவரிடம் சொன்னேன். எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "தோட்டத்துக்காரங்க பண்ற வேலை. மூட்டை ஏத்துனா பின்னாடி அமுங்குதுன்னு பெரிய டயரா மாட்டிருவாங்க. ஃபோர் வீல்ல நாலு சக்கரமும் ஒண்ணாச் சுத்தணும். சின்ன டயரு ஒரு பக்கம், பெரிய டயரு ஒரு பக்கம்னா ஒண்ண ஒண்ணு இழுக்கும். மணல்ல வழுக்கிக்கிட்டுச் சமாளிச்சிரும். தாருல எங்கிட்டு வழுக்க?"

"அப்ப கியர் பெட்டி நல்லாத்தான் இருக்கா?"

"இன்னும் நாலு மாசம் இப்படி ஓட்டுனா போயிரும்."

நாலு டயரும் ஒரே அளவில் வேண்டும், ஸ்டெப்னியும் அதே அளவு. ஆக ஐந்து. என் பெயர் போதும்பொண்ணு. நாலாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டேன் என்று அப்பா கடுப்பில் வைத்த பெயர். நாலு டயர் போதும் என்று எவனாவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

கம்பத்தில் காஜா பாய் டயர் கடைக்கு இருவரும் போனோம். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். முதுகு அதிரக் கூடாது அல்லவா.

காஜா பாய் எங்களுக்குப் பழக்கம். "எதுக்கும்மா அஞ்சு? முன்னாடி ரெண்டு போட்டுக்க. பின்னாடி இன்னும் ஓடும்ல" என்றார். பின் டயர் தேய்ந்தது, புது டயர் தேயாதது, மறுபடி அளவு மாறும், மறுபடி முக்கும் என்றேன். "இம்புட்டு வெவரமா இருந்தா நான் எப்படிப் பொழைக்கிறது?" என்று சிரித்தார்.

அப்புறம் அவர் ஒரு மூலையைக் காட்டினார். ரீட்ரெட் டயர்கள், பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது, பளபளவென்று அடுக்கியிருந்தது. "இது வேணா பாருங்க, பாதி வெலதான்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, இவர் திரும்பி வெளியே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

ரொம்ப நேரம் நின்றதில் முதுகு வலித்திருக்கும்.

ஏப்ரல் 9, வியாழன்

அவருக்கு முதுகுவலி. நான் ஓட்டினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தேனியில் ஒரு கடையில் விலை மலிவு என்று தோட்டத்துப் பெண்கள் சொன்னார்களென்று போனேன். பெயர் எழுத மாட்டேன், அவனுக்கு விளம்பரம் எதற்கு. ஐந்து டயரும் ஒரே அளவு, கறுப்பாக மினுமினுவென்று இருந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், ரப்பர் இறங்கவே இல்லை, வரட்டி மாதிரிக் காய்ந்திருந்தது. ஓரத்தில் நாலு எண் போட்டிருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம் என்று இவர் சொல்லி அனுப்பியிருந்தார். தேடினால் அந்த இடத்தில் பாலிஷைத் தடவி மூடி வைத்திருக்கிறான்! முந்தானையால் தேய்த்துத் துடைத்தேன். ஏழு வருடத்துப் பழசு.

"ஓடாத டயரும்மா, புதுசுதான்" என்றான்.

"ஏழு வருசமா ஓடாமக் கெடக்குற டயரு எம்மலையில ஓடும்னு எவன்டா சொன்னான்? ஏழு வருசத்துக்கு முந்தி வடிச்ச சோறக் குடுத்து, யாரும் திங்கல, புதுசுதான்னு சொல்லுவியா?"

தெருவே கூடிவிட்டது. டயர் வாங்க வந்திருந்த இன்னொரு ஆள் தன் டயரைத் துடைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். பசி. ஆனால் மனசு நிறைவாக இருந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. குழாயடியில் சண்டை.

பிச்சைமணி பெண்டாட்டி என் காதில் விழுகிற மாதிரியே சொல்கிறாள், "குடிச்சிட்டு வண்டிய உருட்டுன ஆளுக்கு நம்பர் எதுக்கு?" நல்ல நாளும் அதுவுமாக என்று பார்க்கவில்லை. குடத்தை நங்கென்று வைத்துவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். என் வீட்டுக்காரர் அன்றைக்குக் குடிக்கவில்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் டீகூடக் குடிக்கிறதில்லை அவர். பின் சக்கரத்து ரீட்ரெட் உரிந்து தனியாக வந்தது, வண்டி பின்னால் சறுக்கியது. உரிந்த பட்டையை நானே கையில் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் கத்தினேன். "ஊரே குடிகாரன்னு பேசுது. ஒரு வருசமா வாயத் தெறக்காம இருக்கீகளே, நாலு பேரக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதான?"

"விடு புள்ள. குடிச்சேன்னே இருந்துட்டுப் போகட்டும்."

"அதெப்படி இருந்துட்டுப் போகும்?"

"குடிச்சான்னு சொன்னா ஒரு வாரத்துல மறந்துருவாங்க. ஸ்டாண்டுல குடிக்காதவன் யாரு?" என்றவர் பாயாசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதையும் நானே குடித்தேன். குடித்தேன் என்று சொன்னால் மறப்பார்களாம், வேறு எதைச் சொன்னால் மறக்க மாட்டார்களோ.

ஏப்ரல் 18, சனி

டயர் மாட்டியாயிற்று. ஐந்தும்! சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்தேன், அதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம்.

காஜா பாய் கடையில் எந்த ரகம் என்பதில் அரை நாள் போனது. பட்டன் டயர்தான் மலைக்கு என்று கடையில் இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். பெரிய பெரிய ரப்பர் கட்டைகள், பார்க்கவே முரட்டுத்தனமாக இருந்தது, எனக்கும் அதன் மேல்தான் கண். சன்னாசி அண்ணன் வண்டியிலும் அதுதான். இவர் வெளியிலேயே நின்றவர் திடீரென்று உள்ளே வந்தார்.

"சேத்துக்கு அது ராஜா. ஆனா நம்ம பாதையில பாதி பாறை. மழை பேஞ்சு பாறை நனைஞ்சா, அந்தக் கட்டையில நுனி மட்டும்தான் தரையத் தொடும், வழுக்கும். நமக்குப் பாதிக்குப் பாதி வேணும். கட்டை சின்னதா, நெருக்கமா, நடுவுல கீறல் கீறலா இருக்குற ரகம். மலையடியில காத்தக் கொறச்சிரணும். ஸ்டாண்டுல எல்லாரும் ஆளு அதிகம்னு கிண்ணுனு காத்தடிக்கிறாங்க, அது தப்பு. டயரு கொஞ்சம் தொப்பை போட்டாத்தான் பாறையைக் கவ்வும்."

ஒரே மூச்சில் இவ்வளவு பேசி ஒரு வருடம் ஆகிறது. கடையே வாயைப் பிளந்து கேட்டது. காஜா பாய், "அண்ணே, நீங்களே இந்தத் தடவ ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

இவர் உடனே என்னைப் பார்த்தார். "ஓட்டுவாரு, முதுகு சரியாயிட்டா ஓட்டுவாரு" என்றேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

லிவரைப் போட்டுத் தார் ரோட்டில் ஓட்டினேன். நேராகப் போனால் முக்கல் இல்லை, முனகல் இல்லை. எங்களூரைச் சுற்றி இரண்டு தடவை, வேண்டுமென்றே பிச்சைமணி வீட்டு வழியாக, ஹாரன் அடித்துக்கொண்டு.

திரும்பி வந்து சாவியை அவரிடம் நீட்டினேன். வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு ஆணியில் மாட்டினார். முதுகு என்றார். டாக்டர் போன கார்த்திகையிலேயே முதுகில் ஒன்றும் இல்லை என்று சொன்னார். டாக்டருக்கு என்ன தெரியும்.

ஏப்ரல் 27, திங்கள்

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து எல்லா வண்டியையும் பார்த்தார். எங்கள் வண்டியில் ஐந்து டயரையும் தடவிப் பார்த்து, "இப்படி இருக்கணும்" என்றார். பாஸ்! இரண்டு வண்டிக்கு மொட்டை டயர் என்று திருப்பி அனுப்பினார். சன்னாசி அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் போய்ப் பக்கத்தில் நின்று, "பம்பரு கட்டிட்டீகளாண்ணே?" என்று கேட்டேன்.

ஏப்ரல் 30, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாலையில் ஸ்டாண்டில் மலைப் பாஸ் கொடுத்தார்கள். ஏழாம் நம்பரைக் கூப்பிட்டதும் நான் கை நீட்டினேன். சன்னாசி அண்ணன் கொடுக்கவில்லை. "பாஸு தவசி பேருல இருக்குத்தா. மெம்பர்தான் ஓட்டணும், அதுதான் சட்டம். இன்ஸ்பெக்டர் வண்டியத்தான் பாத்தாரு, ஆளப் பாக்கல. தவசி, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டிட்டு வாங்கிக்க."

"அவருக்கு முதுகு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் இவர் போய் ஏறிவிட்டார்.

வண்டி உறுமியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி நகரவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த இரண்டு கையும் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. எல்லோருக்குமே தெரிந்தது. பிறகு என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"என்ன மாமா, பொழுதோடயே போட்டாச்சா?" என்றான் பிச்சைமணி. ஸ்டாண்டு சிரித்தது. நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

இவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "குடிக்கலப்பா. இன்னைக்கும் குடிக்கல, அன்னைக்கும் குடிக்கல. ரீட்ரெட்டு உரிஞ்சு வண்டி சாஞ்சுச்சு. குடிச்சேன்னு நீங்க சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு, அதான் மறுக்கல. எனக்குப் பயமா இருக்கு. ஸ்டியரிங்கத் தொட்டா கை ஆடுது, பின்னாடி உக்காந்திருந்த சனம் கத்துன சத்தம் காதுல கேக்குது. முதுகெல்லாம் ஒண்ணுமில்ல. பயம். இருபது வருசம் ஓட்டுனவன் சொல்றேன், பயம்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிச்சைமணிகூடத் தரையைப் பார்த்தான்.

"ஏழாம் நம்பர இவளுக்குக் குடுத்துட்டேன். பேர மாத்தி எழுது சன்னாசி."

"பொம்பளைக்கு நம்பரு குடுத்த வழக்கம் நம்ம ஸ்டாண்டுல இல்லையேப்பா."

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "வழக்கமா? தெனம் விடியக்காலம் தோட்டத்துக்கு மலை ஏறி எறங்குறேன், அப்ப எங்க போச்சு வழக்கம்? அங்க மேல உக்காந்திருக்கவளும் பொம்பளதான்ணே. மொதல்ல அவள எறக்கிட்டு வாங்க, அப்புறம் நான் எறங்குறேன்."

அப்போதுதான் மூன்றாம் நம்பர் பொன்னையா தொண்டையைக் கனைத்தான். மீசையும் உடம்பும் பார்த்தால் யானையை எதிர்த்து நிற்கிற ஆள். "பேர எழுதிக் குடுண்ணே," என்றான். "எனக்கும் அந்த வளைவு வந்தா வயித்தக் கலக்குது. வெளிய சொன்னதில்ல." பின்னால் யாரோ ஆமாம் என்றார்கள். இன்னொருத்தரும் சொன்னார்.

சன்னாசி அண்ணன் பேரை மாற்றி எழுதினார். மரியாதையை விட மனசில்லாமல், "ஆனா வழுக்குப்பாறையில எல்லா வண்டியும் ஆள எறக்கிட்டு வெறும் வண்டியாத்தான் ஏறணும். இந்த வருசத்துலருந்து அது சட்டம்" என்றார். சரி என்றேன்.

வீட்டுக்குள் வந்ததும் அவர் அழுதார், நானும் அழுதேன். இனிமேல் இந்த டைரியில் முதுகுவலி என்று எழுத வேண்டியதில்லை.

மே 2, சனி

நேற்று எழுத நேரமில்லை. கை இரண்டும் வலிக்கிறது.

விடியும்போது மலையடியில் வரிசையில் நின்றோம். இவர் குனிந்து நாலு டயரிலும் காற்றைக் குறைத்தார். தானாகவே முன்சீட்டில் ஏறினார். பின்னால் சனம், தேங்காய், பூமாலை, கைப்பிள்ளைகள். அடிவாரத்தில் தூறல் விழுந்து பாதையெல்லாம் ஈரம். எங்களுக்கு முன்னால் போன பட்டன் டயர் வண்டி ஒன்று பாறையில் பக்கவாட்டில் நழுவி, மூன்று முறை பின்னால் வந்து ஏறியது. என் வண்டி நின்று நிதானமாகக் கவ்விக்கொண்டு போனது.

வழுக்குப்பாறை வளைவில் நிறுத்தினேன். புதுச் சட்டம். எல்லோரும் இறங்கினார்கள். இவர் இறங்கவில்லை.

"எறங்குங்க."

"மாட்டேன்."

"எல்லாரும் எறங்கணும்னு சன்னாசியண்ணே சொல்லியிருக்காகல்ல."

"சன்னாசிய வந்து எறக்கிவிடச் சொல்லு."

அவர் முகம் வெளுத்திருந்தது. கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். ஆனால் கண்ணை மூடவில்லை, பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கச் சொல்லிக் கெஞ்சலாமா என்று நினைத்தேன்.

"லோ கியர்ல போடு. நிறுத்தாத. போ புள்ள."

போனேன். வளைவின் நடுவில் பின் சக்கரம் ஒரு நொடி சுற்றியது, பிறகு பிடித்துக்கொண்டது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மேலே சமதரைக்கு வந்து நிறுத்தியதும் இறங்கிப் போய் ஒரு பாறைக்குப் பின்னால் வாந்தி எடுத்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி ஏறி உட்கார்ந்தார். கீழேயிருந்து சனம் மூச்சு வாங்க நடந்து வந்துகொண்டிருந்தது.

"அடுத்த நடை எப்ப?" என்றார்.

நேற்று நாலு நடை ஓட்டினேன். நாலு நடையிலும் வழுக்குப்பாறையில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் ஒரு தடவைகூட இறங்கவில்லை.